உண்டதை உரைக்கும் நீர்க்குறி

தமிழ்த்துறை மலரில் சிறுநீரைப் பற்றி ஒரு கட்டுரையா என முகம் சுளிப்போர் இருக்கக்கூடும். தூய்மையைச் சமயக் கடமையாகவே போற்றும் சமுதாயத்தில் இத்தகைய தயக்கம் எழுவது இயல்பே. ஆயினும் நம் மருத்துவ மரபினை அறிந்தோர்க்கு இத்தயக்கம் நெடுநேரம் நில்லாது. சித்த மருத்துவர் கைக்கொண்ட எண்வகைத் தேர்வில் நாடி, தொடுகை, நா, நிறம், மொழி, விழி, மலம் ஆகியவற்றோடு சிறுநீரும் ஒன்றாக வைத்தெண்ணப்பெற்றது. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி முறைகள் தமிழுலகம் நன்கறிந்தவை. சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பென நீள்கின்றதா, மோதிரமென வளைகின்றதா, முத்தென நிற்கின்றதா என நோக்கி வளி, அழல், ஐயம் ஆகிய மூன்றையும் கணித்தனர் நம் முன்னோர். இஸ்லாமிய உலகம் ஈன்ற பெருமருத்துவர் இப்னு சீனாவும் தமது 'அல்கானூன்' எனும் பெருநூலில் சிறுநீரின் நிறம், தெளிவு, மணம், படிவு ஆகியவற்றை விரித்துரைத்தார். யூனானி மருத்துவர் இதனைக் 'காரூரா' என்பர். எனவே நாம் எடுத்துக்கொண்ட பொருள் நம் இரு மரபுகட்கும் அயலானதன்று.

அன்றைய தேர்வு, இவனுக்கு வந்துள்ள நோய் யாது என வினவியது. இன்றைய அறிவியலோ அதே நீரிடம் வேறொரு வினாவையும் தொடுக்கின்றது: இவன் உண்ட உணவில் எந்த நஞ்சு கலந்திருந்தது? இவ்வினாவும் அதற்குக் கிடைக்கும் விடையும் நம் சமுதாயத்தின் உணவோடும் வணிகத்தோடும் அறத்தோடும் நெருங்கிய தொடர்புடையன என்பதாலேயே இதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 1,00,000க்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில திங்களில் மாண்டன. காரணம் அறியாது திகைத்த ஆய்வாளர், பிரேசில் நாட்டிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கே அவற்றின் தீவனத்தில் பொதுவாக இருந்தது எனக் கண்டனர். அப்புண்ணாக்கில் 'அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ்' எனும் பூஞ்சை சுரந்த நஞ்சு இருந்தது. அப்பூஞ்சையின் பெயரை ஒட்டியே அந்நஞ்சிற்கு அஃப்ளாடாக்சின் எனப் பெயரிட்டனர்.

இது வான்கோழியோடு நின்றுவிடவில்லை. 1974ஆம் ஆண்டின் இறுதியில் இராசத்தான், குசராத்து மாநிலங்களின் எல்லைப்புறச் சிற்றூர்களில் பழங்குடி மக்களிடையே மஞ்சள் காமாலையும் வயிற்று வீக்கமும் பரவின. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அறுவடைக் காலத்தில் பெய்த பருவம் தப்பிய மழையில் நனைந்து பூசணம் பூத்த மக்காச்சோளத்தை, வேறு உணவின்மையால், அவர்கள் உண்டிருந்தனர். அவ்வீடுகளின் நாய்களும் அதே நோயால் மாண்டன. 2004ஆம் ஆண்டில் கென்ய நாட்டின் கிழக்குப் பகுதியில் இதே துயரம் மீண்டது. 317 பேர் நோயுற்றனர். 125 பேர் உயிரிழந்தனர். அங்கும் உணவு மக்காச்சோளமே. அங்கும் காரணம் ஈரமே.

இவை உடனே கொல்லும் அளவில் நஞ்சு சேர்ந்தமையால் நாடறிந்த நிகழ்ச்சிகள். நாடறியாத தீங்கு இவற்றினும் பெரிது. சிறுசிறு அளவில் நாள்தோறும் உடலுட் புகும் அஃப்ளாடாக்சின், ஆண்டுகள் பல கழித்துக் கல்லீரலிற் புற்றுநோயாய் வெளிப்படும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதனை மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பன என ஐயமற நிறுவப்பட்ட பொருள்களின் முதற்பிரிவில் வைத்துள்ளது. வேகவைத்தாலும் வறுத்தாலும் இந்நஞ்சு முழுதும் அழிவதில்லை. கண்ணுக்குத் தெரியும் பூசணத்தைத் துடைத்துவிட்டாலும் நஞ்சு உள்ளே நிற்கும். நம் இல்லங்களில் இவ்விரண்டும் தெரிந்திருத்தல் இன்றியமையாதது.

நீர் எவ்வாறு பேசுகின்றது?

உணவையே சோதித்துவிட்டால் போதாதா, சிறுநீர் எதற்கு என ஒரு வினா எழும். மூட்டை ஒன்றிலுள்ள கடலை முழுவதிலும் நஞ்சு ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. ஆயிரம் பருப்பு நல்லனவாயிருக்க, ஒரு சில பருப்புகளே பெருநஞ்சைத் தாங்கியிருக்கும். மாதிரி எடுப்போர் கையில் அச்சில பருப்புகள் அகப்படாவிடின் மூட்டை தூயதெனத் தேறிவிடும். மேலும், ஒருவர் உண்பது கடலை மட்டுமன்று. சோளம், மிளகாய், எண்ணெய், பால் எனப் பல வழிகளிலும் நஞ்சு புகலாம். இவ்வனைத்தும் கூடிச் சேரும் இடம் உடல். ஆதலின் உடலையே கேட்பது நேர்வழி.

அஃப்ளாடாக்சின் வகைகளுட் கொடியது பி1 என்பது. குடலிலிருந்து கல்லீரலை அடைந்ததும் அதன் ஒரு பகுதி எம்1 எனும் பொருளாக மாறிச் சிறுநீரில் வெளியேறுகின்றது. மற்றொரு பகுதி வீறுகொண்ட வடிவெய்தி, உயிரணுவின் மரபுப் பொருளில் உள்ள குவானின் எனும் உறுப்போடு பிணைந்துகொள்கின்றது. அவ்வாறு பிணைந்த துண்டு பெயர்ந்து, அதுவும் சிறுநீரில் வருகின்றது. அதாவது நாம் அளப்பது நஞ்சின் எச்சத்தை மட்டுமன்று. அந்நஞ்சு நம் உயிரணுவை ஊறுபடுத்திய சான்றையும் அளக்கின்றோம். ஒரு கிராமின் இலட்சங்கோடியில் சில பங்கே இருக்கும் இப்பொருள்களை எதிர்ப்பொருள் பொதிந்த நுண்குழலால் பிரித்தெடுத்து, நிறப்பிரிகைக் கருவியால் அளக்கின்றனர். நீர் மிகுதியாகக் குடித்தவர்க்குச் சிறுநீர் நெகிழ்ந்தும், குறைவாகக் குடித்தவர்க்குச் செறிந்தும் இருக்குமாகலின், கிரியேட்டினின் அளவோடு ஒப்பிட்டு அவ்வேறுபாட்டை ஒருவாறு ஈடுசெய்வர்.

இச்சான்று நம்பத்தக்கதுதானா? சீனத்தின் குவாங்சியிலும் ஆப்பிரிக்காவின் காம்பியாவிலும் மக்கள் உண்ட உணவை நாள்தோறும் நஞ்சு நோக்கி அளந்து, அவர்தம் சிறுநீரையும் உடன் அளந்து ஒப்பிட்டனர். உணவில் நஞ்சு ஏறியபோது சிறுநீரில் அந்தப் பிணைப்புத் துண்டும் ஏறக் கண்டனர். ஆனால் சிறுநீரின் நினைவு குறுகியது. அது நேற்றும் முன்னாளும் உண்டதையே சொல்லும். இரத்தத்தின் ஆல்புமின் புரதத்தில் ஒட்டிய நஞ்சோ இரண்டு மூன்று திங்களின் கதையைச் சொல்லும். ஒன்றை மற்றொன்றின் துணையாகக் கொள்ளல் தக்கது.

சாங்காய் நகரின் சான்று

1986 முதல் 1989 வரையிலான காலத்தில் சாங்காய் நகரில் 18,244 ஆடவரிடம் சிறுநீரும் இரத்தமும் பெற்றுப் பாதுகாத்தனர். பின்னர் அவர்களுள் யார் யார்க்குக் கல்லீரல் புற்றுநோய் வந்ததெனத் தொடர்ந்து நோக்கி, நோயுற்றோர் முன்னர்க் கொடுத்த சிறுநீரையும் நோயுறாதோர் சிறுநீரையும் ஒப்பிட்டனர். 1994ஆம் ஆண்டில் வெளியான முடிவு உலகை விழிக்கச் செய்தது. சிறுநீரில் அஃப்ளாடாக்சின் குறி மட்டும் உடையோர்க்கு நோய் வரும் வாய்ப்பு 3.4 மடங்கு. ஹெப்பாடைடிஸ் பி கிருமி மட்டும் உடையோர்க்கு 7.3 மடங்கு. இரண்டும் ஒருங்கே உடையோர்க்கோ 59.4 மடங்கு! இரு தீமைகள் கூடும்போது கூட்டல் கணக்கன்று, பெருக்கல் கணக்கே நிகழ்கின்றது. குழந்தைக்குப் பிறந்தவுடன் கல்லீரல் அழற்சித் தடுப்பூசி இடுவதும், அக்குழந்தையின் உணவைப் பூசணமின்றிக் காப்பதும் ஒரே கடமையின் இரு கைகள் என்பதனை இதனினும் தெளிவாக உரைக்க இயலாது.

இச்சோதனைக்கு மற்றொரு பெரும்பயனும் உண்டு. ஒரு தடுப்புமுறை புற்றுநோயைத் தடுக்கின்றதா என அறிய முப்பது ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். ஆனால் நஞ்சின் ஊறு குறைகின்றதா என்பதனைச் சில திங்களில் சிறுநீர் சொல்லிவிடும். சீனத்தின் சீதொங் மாவட்டத்தில் 180 பேருக்கு, பச்சையத்திலிருந்து ஆக்கிய ஒரு பொருளை நான்கு திங்கள் கொடுத்துப் பார்த்தபோது, சிறுநீரில் அப்பிணைப்புத் துண்டு 55 விழுக்காடு குறைந்தது என 2001ஆம் ஆண்டில் அறிவித்தனர். அப்பொருளை அனைவரும் வாங்கி உண்க என்பதற்காக இதனை நாம் கூறவில்லை. சீதொங்கில் கல்லீரல் புற்றுநோய்ச் சாவுகள் பெரிதும் குறைந்தமைக்கு, 1980களுக்குப் பின் மக்கள் மக்காச்சோளத்தை விட்டு அரிசிக்கு மாறியதே முதன்மைக் காரணம் என ஆய்வாளர் கண்டனர். தடுப்பூசி வருமுன் பிறந்த தலைமுறையினரிடத்தும் சாவு குறைந்தது. உணவு மாறிற்று, ஊழ் மாறிற்று என்க.

அச்சத்தை விற்கும் வாணிகம்

இவ்வளவு சிறப்புடைய சோதனை எனில், ஆளுக்கொன்று செய்துகொள்ளலாமே எனச் சிலர் கருதக்கூடும். ஈண்டுதான் நாம் அழுத்தமாக ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்க விழைகின்றோம். அமெரிக்காவில் வீட்டுச் சுவரின் பூசணத்தாலும் அலுவலகப் பூசணத்தாலும் நோயுற்றதாக ஐயுறுவோர், தனியார் ஆய்வகங்களுக்குப் பணம் செலுத்திச் சிறுநீரில் பூஞ்சை நஞ்சைத் தேடும் வழக்கம் பரவிற்று. 2015ஆம் ஆண்டில் அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதனைக் குறித்து எச்சரித்தது. உணவு வழியே சிறிதளவு நஞ்சு எவர்க்கும் புகுமாதலின் நலமுள்ளோர் சிறுநீரிலும் அது காணப்படும் என்றும், எவ்வளவு இருந்தால் நோய் என வரையறை எதுவும் நிறுவப்படவில்லை என்றும், நோயறிதற்கு இச்சோதனைக்கு அந்நாட்டு மருந்தாணையத்தின் ஒப்புதல் இல்லை என்றும் அம்மையம் சுட்டிற்று.

இவ்வேறுபாட்டை நன்கு மனங்கொள்ளல் வேண்டும். ஓர் ஊரார் நூறு பேரின் நீர் ஒருங்கு கூடி, இவ்வூர் உணவில் நஞ்சு உண்டு எனச் சொல்லும்போது அது சான்று. ஒருவரின் ஒருநாள் நீரைக் கொண்டு, உமக்கு நோய் உண்டு எனச் சொல்லும்போது அது வெறும் மிரட்டல். அதனைத் தொடர்ந்து, நஞ்சை முறிக்கும் மருந்து எனப் புட்டி ஒன்றும் விலைக்கு வரும். வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தை முழு உடற்சோதனை என்ற பெயரில் வாரி இறைக்கும் நம் குடும்பங்கள் இதில் விழிப்போடிருத்தல் வேண்டும். இது ஊர்க்கு உரிய சோதனை. தனியொருவர் அச்சத்திற்கு உரியதன்று. செலவும் அரசையும் கல்விநிறுவனங்களையும் சாரவேண்டுமேயன்றி ஏழையின் மடியைச் சாரலாகாது.

ஒதுக்கிய கடலை எங்கே போகின்றது?

நம் கட்டுரையின் உள்ளீடு இவ்வினாவே. ஐரோப்பாவிற்கு ஏற்றுமதியாகும் நிலக்கடலை கடுஞ்சோதனைக்கு உட்படுகின்றது. அங்கு நேரே உண்ணும் கடலையில் அஃப்ளாடாக்சின் மொத்த வரம்பு ஒரு கிலோவிற்கு 4 மைக்ரோகிராம். நம் நாட்டிலோ அவ்வரம்பு 10. பாலில் எம்1 நஞ்சின் வரம்பு அங்கு 0.05 மைக்ரோகிராம், இங்கு 0.5. பத்து மடங்கு வேறுபாடு.

ஏற்றுமதிக்கென நிறம் மாறியதும் சுருங்கியதும் சொத்தையானதும் கையாற் பொறுக்கி ஒதுக்கப்படுகின்றன. ஒதுக்கியவை எருக்குழிக்குச் செல்வதில்லை. விலை குறைந்த எண்ணெய்க்கும் தீவனத்திற்கும் செல்கின்றன. எண்ணெயைக் காரமிட்டுச் சுத்திகரித்தால் நஞ்சு பெரும்பாலும் நீங்கும்; சுத்திகரியாத எண்ணெயில் ஒரு பங்கு தங்கும். செக்கெண்ணெய் என்ற பெயராலேயே தூய்மை வந்துவிடாது. சொத்தைக் கடலையை ஆட்டினால் செக்கு அதனை நற்கடலையாக்காது. நஞ்சின் பெரும்பங்கோ புண்ணாக்கில் தங்குகின்றது. அப்புண்ணாக்கை மாடு தின்ன, அதன் உடலில் பி1 எம்1 ஆகிப் பாலில் இறங்குகின்றது. எம்1 எனும் பெயரே, முதலில் பாலிற் கண்டமையால் வந்தது. அப்பாலைக் காய்ச்சினாலும் நஞ்சு நீங்காது.

இது வெறுங்கற்பனையன்று. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ஆம் ஆண்டில் நாடு முழுதும் திரட்டி 2019இல் வெளியிட்ட பால் ஆய்வில், 6,432 மாதிரிகளுள் 368இல் எம்1 வரம்பினை மீறியிருந்தது. தமிழ்நாட்டின் 551 மாதிரிகளுள் 88இல் மீறல். மாநிலங்களுள் இதுவே மிகுதியான எண்ணிக்கை. நீர் கலந்தனரா என்றே பாலை ஐயுற்று வந்த நாம், தீவனத்தை ஐயுறவில்லை.

ஆக, பொறுக்கி ஒதுக்கியதால் நஞ்சு உலகைவிட்டு அகலவில்லை. உயர்ந்த தட்டிலிருந்து தாழ்ந்த தட்டிற்கு இடம் பெயர்ந்தது, அவ்வளவே. வாங்குவோர்க்குத் தக்கவாறு தரம் பிரிப்பது வணிகம். ஆனால் நஞ்சைத் தரம் பிரித்து எளியோர்க்கு அளிப்பது அநீதி. இவ்வநீதியை எந்தக் கணக்கேடும் காட்டாது. எளியோரின் சிறுநீர் காட்டும். இச்சோதனை நம் நாட்டிற்கு வேண்டும் என நாம் வலியுறுத்துவதன் முதற்காரணம் இதுவே.

செய்யத்தக்கன

பருவமழைக்குப் பின்னும் கோடையிலுமாக, நிலக்கடலையும் சோளமும் விளையும் வட்டாரங்களில், குழந்தைகளையும் கருவுற்ற தாய்மாரையும் உள்ளிட்டு, சிறுநீர் மாதிரிகளை அரசு முறையாகத் திரட்டி ஆராய்தல் வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின், டோகோ நாடுகளில் 480 குழந்தைகளை ஆய்ந்து 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவில், 99 விழுக்காட்டினர் இரத்தத்தில் இந்நஞ்சின் குறி இருந்தது. குறி மிக்கிருந்த குழந்தைகள் வளர்ச்சி குன்றியிருந்தனர். நம் குழந்தைகளின் நிலையை அறிவதற்கு நாம் அஞ்சலாகாது. வேதியியல், உயிர்வேதியியல் துறைகள் உள்ள நம் கல்லூரிகள், உரிய நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு இப்பணியில் பங்கேற்கலாம். கொடுத்தவர் பெயர் மறைக்கப்படவேண்டும். ஆனால் முடிவு அவ்வூரார்க்கே முதலில் சொல்லப்படவேண்டும். மக்களிடம் மாதிரி பெற்று, பட்டம் மட்டும் நமக்கு, நஞ்சு அவர்க்கு என விட்டுவிடுவது ஆய்வறமன்று.

அறிந்தபின் திருத்தும் வழியும் அரிதன்று. கினி நாட்டின் 20 சிற்றூர்களில் 600 பேரை நோக்கிய ஆய்வு 2005ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கடலையைக் கையாற் பொறுக்குதல், வெறுந்தரையில் இன்றிப் பாயில் உலர்த்துதல், நாரினாலான சாக்கில் நிரப்புதல், மரச்சட்டத்தின்மேல் அடுக்குதல் முதலிய எளிய முறைகளைக் கைக்கொண்ட ஊர்களில், ஐந்து திங்களுக்குப் பின் மக்கள் இரத்தத்தில் நஞ்சின் குறி மற்ற ஊர்களினும் பாதிக்கும் குறைவாயிருந்தது. பெரும் ஆலையோ அயல்நாட்டு மருந்தோ அன்று. பாயும் சாக்கும் வெயிலும் செய்த வேலை அது. குலுக்கினால் நெற்றினுள் பருப்பு ஓசையிடும்வரை உலர்த்துவதை நம் உழவர் அறிவர். உலர்ந்த கடலைக்கு மண்டியில் உரிய விலை தந்தால், ஈரத்தோடு எடையேற்றி விற்கும் வழக்கம் தானே குறையும். ஒதுக்கிய கடலையின் புண்ணாக்கை அம்மோனியாவால் நஞ்சகற்றும் முறையும் உண்டு. அது செய்யப்படாத புண்ணாக்கு கறவை மாட்டிற்குச் செல்லாதபடி காத்தல் அரசின் கடமை.

வணிகத்தைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட நம் சமுதாயப் பெரியோர்க்கு ஒரு சொல். ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் இடம்பெற்ற நிகழ்ச்சி நாம் அறிந்ததே. கடைவீதியில் குவித்திருந்த தானியத்துள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கலாகாதா எனக் கேட்ட நாயகம் அவர்கள், ஏமாற்றுவோர் தம்மைச் சார்ந்தவர் ஆகார் என்பதையும் உணர்த்தினார்கள். அன்று குவியலுள் விரல் தேடியது ஈரத்தை. பூஞ்சைக்கு வித்தாவதும் அதே ஈரந்தான். இறைமறை நம் உணவிற்கு ஹலால் என்பதோடு தய்யிப் என்பதையும் இணைத்தே கூறுகின்றது. ஆகுமானதா எனக் கேட்பதில் நாம் கண்டிப்பானவர்கள். தூயதா, நல்லதா எனக் கேட்பதிலும் அதே கண்டிப்பு வேண்டும். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு வரும் அரிசியும் பருப்பும் பொடியும் எண்ணெயும் நன்கு உலர்ந்த, பூசணமற்ற சரக்காக வருகின்றனவா என ஜமாஅத்துப் பொறுப்பாளர்கள் பார்ப்பதிலிருந்து இப்பணி தொடங்கலாம்.

மாணவச் செல்வங்களே! நீர்க்குறி பார்த்த தேரையரின் மொழியைக் கற்கும் நீங்கள், இன்றைய நீர்க்குறியையும் தமிழில் எழுதி ஊர்தோறும் உணர்த்த முன்வாருங்கள். அறிவியல் ஆங்கிலத்தில் மட்டும் அடைபட்டுக் கிடக்கும்வரை, சொத்தைக் கடலை ஏழையின் வீட்டிற்கே வந்துகொண்டிருக்கும். வல்ல இறைவன் நம் உணவையும் உழைப்பையும் தூயனவாக ஆக்கியருள்வானாக!